திருகோணமலை மேல்மாடிக் கிரிப்டோ வகுப்பு: இரண்டு நாள் போகலாம், மூன்றாம் நாள் வேண்டாம்

திருகோணமலை நகரில், மத்திய வீதியிலிருந்து பிரிகிற ஒழுங்கை ஒன்றில், கணினி திருத்தும் கடையின் மேல்மாடியில் வார இறுதிகளில் ஒரு கிரிப்டோ வகுப்பு நடக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வட்ஸ்அப் செய்திகள் மூலமும் ஒருவர் சொல்லி ஒருவராகவும் ஆட்கள் சேர்கிறார்கள். மூன்று நாட்களுக்குக் கட்டணம் 15,000 ரூபாய். அதற்குப் பின்னரும் தொடர விரும்புவோருக்கு மாதம் 4,000 ரூபாயில் ஒரு டெலிகிராம் குழு உண்டு. சில கடைகளுக்கும் விடுதிகளுக்கும் கணக்கெழுதிக் கொடுப்பது என் தொழில். அந்தக் கணக்குகளில் அண்மைக் காலமாக யார் யாரிடமிருந்தோ வரும் வங்கி வரவுகளும், யார் யாருக்கோ போகும் பற்றுகளும் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. கேட்டால், “அது யூஎஸ்டிடி வாங்கினது” என்று பதில் வந்தது. ஒன்று ஒரு டொலர் என்று விலை கட்டப்பட்ட கிரிப்டோ நாணயம் அது. வாங்குகிறவர்கள் எதைக் கற்றுக்கொண்டு வாங்குகிறார்கள் என்று அறியவே நானும் பணம் கட்டி அமர்ந்தேன்.

வந்திருந்தவர்களைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வகுப்பின் நிறை குறைகளை அவர்களை வைத்துத்தான் எடைபோட முடியும். உப்புவெளியில் சிறு விடுதி நடத்தும் ஒரு தம்பதியர், கிண்ணியாவிலிருந்து படகுச் சொந்தக்காரர் ஒருவர், தம்பலகாமத்தில் வயல் செய்யும் இளைஞர் இருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கட்டாரிலிருந்து திரும்பிய இருவர், வளாகத்து மாணவர்கள் சிலர். பங்குச் சந்தையில் கணக்கு வைத்திருந்த ஒருவரும் அங்கில்லை. சீட்டும் நகையும் நிலையான வைப்பும்தான் இவர்கள் அறிந்த முதலீடுகள். ஆசிரியர் முப்பது வயதைத் தாண்டாதவர்; பொறுமைசாலி. மூத்தவர்களை “அக்கா”, “நானா” என்றே அழைத்தார், கேள்வி எவ்வளவு எளிமையாக இருந்தாலும் சிரிக்கவில்லை.

முதல் நாளின் முற்பகல் வரலாற்றுக்குப் போனது. முதல் கிரிப்டோ நாணயமான பிட்கொயினை விளக்கி 2008 ஒக்டோபரில் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான ஆவணம், 2009 ஜனவரியில் உருவான அதன் பதிவேட்டின் முதற் தொகுதி, 2 கோடி 10 இலட்சம் என்ற நாணயங்களின் உச்ச எண்ணிக்கை, புதிய தொகுதியைச் சேர்ப்பவருக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய நான்கு வருடங்களுக்கு ஒருமுறை பாதியாவதுமான சுரங்க வெகுமதி ஆகியவற்றை வேகமாகச் சொல்லி முடித்தார். இதை இணையத்தில் இலவசமாகவே படித்துக்கொள்ளலாம்.

பிற்பகல்தான் கட்டணத்துக்குப் பெறுமதி சேர்த்தது. மோசடிகளுக்கென்று அவர் முழுமையாக ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கியிருந்தார். இலங்கை மத்திய வங்கி, வங்கித்தொழில் சட்டத்தின் கீழ்த் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று தீர்மானித்து வெளியிட்ட பட்டியலைத் திரையில் காட்டினார். ஸ்போர்ட்ஸ் செயின், ஒன்மெக்ஸ்டிடி, எம்டிஎஃப்இ ஆகிய பெயர்கள் அதில் உள்ளன. எம்டிஎஃப்இ பற்றிய விளக்கம் சிறப்பாக இருந்தது. செயற்கை நுண்ணறிவு உங்களுக்காக வர்த்தகம் செய்து நாளாந்தம் இலாபம் தரும் என்று அந்தச் செயலி சொன்னது. ஆள் சேர்த்தவருக்கு மேலதிக பங்கு கிடைத்தது. 2023 ஓகஸ்டில் பணத்தை மீளப்பெறுவது நின்று, கணக்குகளிலிருந்த தொகைகள் மறைப் பெறுமானங்களாக மாறி, முதலீட்டாளரே நிறுவனத்துக்குக் கடன்பட்டவர் போலத் திரையில் தோன்றியது. “விலை ஏறி இறங்கும் ஒரு பொருளிலிருந்து தினமும் ஒரே அளவு இலாபம் எப்படி வரும்?” என்று ஆசிரியர் கேட்டபோது அறை அமைதியானது. பின்வரிசையில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கண்டேன். அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை.

அதே பிற்பகலில் அந்த ஆசிரியை எழுந்து, “தம்பி, இது சட்டப்படி சரிதானா?” என்று கேட்டார். “தடை இல்லை அக்கா” என்ற ஒரு வரியோடு ஆசிரியர் அடுத்த படத்துக்குச் சென்றுவிட்டார். இந்தப் பதில் போதாது. மெய்நிகர் நாணயங்கள் ஒழுங்குபடுத்தப்படாதவை என்றும், இவற்றில் ஈடுபடுவதற்கு எந்த நிறுவனத்துக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்றும் மத்திய வங்கி 2018 முதல் பல தடவைகள் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வழங்கப்பட்ட பணிப்புரைகளின்படி, மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கல்களுக்கான கொடுப்பனவுகளுக்குப் பற்று அட்டையையோ கடனட்டையையோ பயன்படுத்த அனுமதியில்லை. நம்மவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஆள் விற்கும் முறையில், அதாவது பி-டு-பி வழியாக, ரூபாய் கொடுத்து வாங்குவதற்குக் காரணமே இதுதான். பணத்தை இழந்தால் முறையிடுவதற்கு உரிமம் பெற்ற நிறுவனம் எதுவும் எதிரே இருக்காது என்பதை முதல் நாளே சொல்வதற்கு இரண்டு நிமிடங்கள் போதும். அந்த இரண்டு நிமிடங்களை ஏன் தவிர்த்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டாம் நாள் முழுவதும் செய்முறை. இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. ஒவ்வொருவரும் தமது கையடக்கத் தொலைபேசியிலேயே சிறு தொகைக்கு யூஎஸ்டிடி வாங்கினார்கள். விளம்பரங்களின் பட்டியலில் விலையை மட்டும் பார்க்கக்கூடாது, விற்பவர் முடித்த கொடுக்கல் வாங்கல்களின் எண்ணிக்கையையும் நிறைவேற்று வீதத்தையும் பார்க்க வேண்டும் என்றார். வாங்குபவர் கட்டளையிட்டதும் விற்பவரின் நாணயம், இணையத்தில் நாணயங்களை வாங்கி விற்கும் சந்தையான எக்ஸ்சேஞ்சின் பிணைக் காப்பில் பூட்டப்படுகிறது. வாங்குபவர் தன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்தே ரூபாயை அனுப்பி, “செலுத்திவிட்டேன்” என்ற பொத்தானை அழுத்துகிறார். விற்பவர் தன் கணக்கைப் பார்த்துவிட்டு நாணயத்தை விடுவிக்கிறார். சொல்லும்போது எளிமை. ஆனால் பணத்தை அனுப்பிவிட்டுத் திரையில் நேரம் குறைந்துகொண்டே போவதைப் பார்த்திருக்கும்போது படகுக்கார நானாவுக்கு வியர்த்துவிட்டது. நாணயம் வந்து சேரும்வரை அவர் ஆசனத்தில் அமரவேயில்லை.

வாங்கியதை வொலட்டுக்கு, அதாவது எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே தன் கையிலுள்ள டிஜிட்டல் பணப்பைக்கு, மாற்றும் பயிற்சி அதைவிட நுணுக்கமாக நடந்தது. யூஎஸ்டிடியை அனுப்பும் வலையமைப்புகளில் ஒன்றான ட்ரோனின் முகவரி ‘டி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி 34 எழுத்துகளும் இலக்கங்களுமாக நீளும். வலையமைப்பைப் பிழையாகத் தெரிவுசெய்து அனுப்பினால், அந்தத் தொகை பெரும்பாலும் திரும்பி வராது. ஆசிரியை மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, பக்கத்திலிருந்த மாணவியிடம் எழுத்தெழுத்தாகச் சொல்லி ஒப்பிட்டார். முதல் நான்கும் கடைசி நான்கும் பொருந்தினால் போதுமே என்று ஒரு மாணவர் சொன்னார். தொடக்கமும் முடிவும் ஒரேமாதிரி அமைந்த போலி முகவரியிலிருந்து மிகச்சிறு தொகையை நமக்கு அனுப்பி, கொடுக்கல் வாங்கல் வரலாற்றில் அதை இடம்பெறச்செய்து, அடுத்த முறை நாமே அதைப் பிரதிபண்ணி அனுப்பும்படி செய்கிறார்கள் என்று ஆசிரியர் விளக்கினார். பின்னர் எல்லோரும் நடு எழுத்துகளையும் பார்த்தார்கள். யார் கையில் கிடைத்தாலும் வொலட்டைத் திறந்துவிடக்கூடிய மீட்புச் சொற்களை எழுதுவதற்கென ஒரு சிறு கொப்பியும் கொடுத்தார். அந்தப் பக்கத்தைத் தொலைபேசியில் படமெடுத்த ஒருவரை உடனே அழிக்கச் செய்ததோடு, அந்தப் படம் இணையச் சேமிப்புக்கும் ஏற்கெனவே போயிருக்கும் என்று காட்டி, அவரைப் புதிய வொலட் ஒன்றைத் திறக்கவைத்தார். பெரிய கட்டணம் வாங்கும் இடங்களிலும் இந்த அளவு கவனத்தை எதிர்பார்க்க முடியாது.

இருந்தும், இரண்டாம் நாள் முடிவில் எல்லோருக்கும் வாங்கத் தெரிந்தது; விற்று ரூபாயாக்கி வெளியே எடுக்கும் வழி அரைகுறையாகவே தெரிந்தது. விற்பனைப் பயிற்சிக்கு அரை மணித்தியாலம்கூட மிஞ்சவில்லை. ஆபத்து அதிகம் அந்தப் பக்கத்தில்தான். பணம் வந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி காட்டினாலும், பற்றுச்சீட்டின் படம் அனுப்பினாலும், வங்கிக் கணக்கின் மீதியைக் கண்ணால் காணாமல் நாணயத்தை விடுவிக்கக் கூடாது என்பதைச் சொன்னார், சரி. பணம் அனுப்பியவரின் பெயரும் எக்ஸ்சேஞ்சிலுள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை அவசரமாகக் கடந்துபோனார். இதில்தான் ஆட்கள் அகப்படுகிறார்கள். எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பெற்ற பணத்தை உங்கள் கணக்குக்கு அனுப்பி, உங்களிடமிருந்து யூஎஸ்டிடியை வாங்கிக்கொண்டு மோசடிக்காரர் மறைந்துவிடுவார்; ஏமாந்தவர் பொலிசில் முறைப்பாடு செய்வார்; அந்தப் பணம் வந்து நின்ற கடைசிக் கணக்கு உங்களுடையது. வகுப்பில் இருந்த ஒருவருடைய கணக்கை ஒரு வங்கி இப்படித்தான் இடைநிறுத்தியிருந்தது, சம்பளமும் அதற்குள்ளேயே நின்றுவிட்டது. அவர் அதைச் சொன்னபோது, “அடுத்த முறை குறிப்புப் பகுதியில் கிரிப்டோ என்று எழுதாதீர்கள்” என்பதே ஆசிரியர் கொடுத்த ஆலோசனை. கணக்கெழுதுபவன் என்ற முறையில் இதை நான் வன்மையாக மறுக்கிறேன். குறிப்பை வெறுமையாக விடுவதால் வங்கி கேள்வி கேட்காமல் இருக்கப்போவதில்லை. கேட்கும் நாளில் காட்டுவதற்கு உங்களிடம்தான் எதுவும் இருக்காது. ஒவ்வொரு விற்பனைக்கும் கட்டளை இலக்கத்தையும் எதிர்த்தரப்பின் பெயரையும் உரையாடலின் படத்தையும் ஒரு கோவையில் சேர்த்து வைப்பதும், இதற்கென்று தனிக் கணக்கு ஒன்றை வைத்துச் சம்பளக் கணக்கோடு கலக்காமல் இருப்பதும்தான் உதவும்.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் சொல்லப்படவில்லை. உதாரணத்துக்கு, ஒரு யூஎஸ்டிடியை 308 ரூபாய்க்கு வாங்கி, அதே நாளில் 300 ரூபாய்க்கு விற்க நேர்ந்தால், பிட்கொயின் ஓர் அங்குலம் அசையாமலே நூறு யூஎஸ்டிடிக்கு 800 ரூபாய் போய்விடும். 30,800 ரூபாயில் அது இரண்டரை வீதத்துக்கு மேல்.

இதைவிடப் பெரிய குறை, திரையில் காட்டிய வரைபடங்கள் எல்லாம் டொலரில் இருந்தமை. இங்கு உழைப்பதும் ரூபாய், செலவழிப்பதும் ரூபாய். 2021 நவம்பரில் பிட்கொயின் 69,000 டொலர் வரை போயிருந்தது; அந்த மாதத்தில் 65,000 டொலருக்கு ஒன்று வாங்கியவர், டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தபடியால், 1 கோடி 30 இலட்சம் ரூபாய் போட்டிருப்பார். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் வங்குரோத்தாகி விலை 16,500 டொலரளவில் கிடந்தபோது டொலர் 365 ரூபாயை அண்டியிருந்தது. ஆகவே அவர் கையில் ரூபாய்க் கணக்கில் சுமார் 60 இலட்சம் மிஞ்சியிருக்கும். டொலரில் முக்கால்வாசி போயிருக்க, ரூபாயில் பாதிக்குச் சற்று மேல் போனதாகத் தெரியும். இந்த வேறுபாட்டைப் பிட்கொயினின் திறமை என்று எண்ணுபவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அது ரூபாயின் வீழ்ச்சி; வெறும் டொலரை வைத்திருந்தவர் அதே காலத்தில் எண்பது வீதத்துக்கு மேல் கூடுதலாகக் கண்டிருப்பார். அதே நவம்பரில் நம் நாட்டின் திறைசேரி உண்டியல்கள் 30 வீதத்தை அண்டிய வட்டி கொடுத்தன என்பதும் அந்த வரைபடத்தில் இல்லை. அதன் பின்னர் ரூபாய் வலுவடைந்து டொலர் 300 ரூபாய்ப் பக்கம் இறங்கியபோது, 2022இன் பிற்பகுதியில் யூஎஸ்டிடியை வாங்கிப் பத்திரப்படுத்தியவர்கள் விலையே மாறாத நாணயத்தில் நட்டப்பட்டார்கள்.

“விழுந்தாலும் நான்கு வருடம் வைத்திருங்கள்” என்பது ஆசிரியர் அடிக்கடி சொன்ன வாக்கியம். 2012, 2016, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் வெகுமதி பாதியான பின்னர் விலை ஏறியதைக் காட்டினார். தரவு சரி. ஆனால் நான்கு நிகழ்வுகளை வைத்துக்கொண்டு ஐந்தாவதை உறுதியாகச் சொல்ல முடியுமா என்பது ஒரு புறமிருக்க, எதிரே அமர்ந்திருந்தவர்களால் நான்கு வருடம் வைத்திருக்க முடியுமா என்பதே என் கேள்வி. உப்புவெளி விடுதிக்கு வெளிநாட்டவர் வருவது மே முதல் செப்டெம்பர் வரை. மாரி தொடங்கினால் அறைகள் வெறுமை. படகுக்காரருக்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களும் அவையே. தம்பலகாமத்து இளைஞர்களுக்குப் பெரும்போகத்து நெல் விற்ற காசு பங்குனியில் கைக்கு வரும், அடுத்த விதைப்புக்கான உழவுக்கூலியும் பசளையும் ஐப்பசியில் வந்து நிற்கும். ஆகவே இந்த ஊரில் மிச்சக் காசு சேர்வது வெவ்வேறு மாதங்களில் என்றாலும், அது தேவைப்படுவது எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில். எஃப்டிஎக்ஸ் விழுந்தது அப்படியொரு நவம்பரில். 2025 ஒக்டோபர் முற்பகுதியில் 126,000 டொலரைத் தொட்ட பிட்கொயின் நவம்பரில் 90,000 டொலருக்குக் கீழே இறங்கியதும் மாரியில்தான். 2024 நவம்பரில் விலை மாறாக ஏறியது. ஆக மாதத்துக்கும் விலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்பு இல்லாததே தொல்லை: விலை நம் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதில்லை, விதைப்பு மட்டும் காத்திருக்காது. பாதி விலைக்கு விழுந்ததை அந்நேரம் விற்றவர், போட்ட முதலை மீண்டும் காண எஞ்சியது இரட்டிப்பாக வேண்டும். ஆனால் உரத்துக்கும் உழவுக்கும் செலவழித்த பணம் இரட்டிப்பாகக் காத்திருக்காது. இடைவேளையில் தேநீர் குடித்தபடி விடுதிக்கார அம்மா என்னிடம், “அண்ணை, நான் ஆவணியில போட்டு மார்கழியில எடுக்கலாமெண்டு நினைச்சன்” என்றார். அவருடைய கணக்குக்கு வகுப்பில் பதில் இருக்கவில்லை.

மூன்றாம் நாளைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அது பியூச்சர்ஸ் வர்த்தகத்துக்கான நாள்; நாணயத்தை வாங்காமலே அதன் விலை ஏறும் அல்லது இறங்கும் என்று பணம் வைப்பது அது. 20 மடங்கு கடன்பலத்தோடு, அதாவது போட்ட பணத்தைப்போல 20 மடங்கு பெறுமதிக்கு, திரையில் நேரடியாக ஒரு வர்த்தகத்தைத் திறந்து, தேநீர் வருவதற்குள் இலாபத்தோடு மூடினார், கைதட்டினார்கள். 20 மடங்கு என்றால் விலை ஐந்து வீதம் எதிர்த்திசையில் போவதற்குள்ளேயே போட்ட பணம் முழுவதும் கழிந்துவிடும் என்பதையும், பிட்கொயின் ஒரே நாளில் ஐந்து வீதம் அசைவது அதிசயமல்ல என்பதையும் கரும்பலகையில் எழுதினாரே தவிர, அதில் தங்கவில்லை. 2025 ஒக்டோபர் 10ஆம் திகதி, சீனப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் புதிய வரி அறிவிப்பைத் தொடர்ந்து, ஒரு நாளுக்குள் 1,900 கோடி டொலருக்கு மேற்பட்ட கடன்பல வர்த்தகங்கள் உலகெங்கும் வலிந்து மூடப்பட்டன. அந்த நாளைக் காட்டியிருந்தால் கைதட்டல் குறைந்திருக்கும்.

இந்த உற்சாகத்துக்குப் பின்னால் ஒரு வருமான வழி உண்டு. முதல் நாள் எல்லோரும் கணக்குத் திறந்தது ஆசிரியரின் அறிமுகக் குறியீட்டின் வழியாக. அப்படிச் சேர்ந்தவர்கள் செலுத்தும் வர்த்தகக் கட்டணத்தில் ஒரு பங்கை எக்ஸ்சேஞ்ச் அறிமுகப்படுத்தியவருக்குக் கொடுக்கிறது. வாங்கி வைத்துவிட்டு வாளாவிருப்பவரால் அவருக்குக் கிடைப்பது சொற்பம். நாளுக்குப் பலமுறை பியூச்சர்ஸ் திறந்து மூடுபவரால் கிடைப்பது அதிகம், அந்த மாணவர் வென்றாலும் தோற்றாலும். இதில் சட்டவிரோதம் எதுவுமில்லை, ஆனால் மாணவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் நேரடியாகக் கேட்டபோது மறைக்காமல் ஒப்புக்கொண்டார் என்பதையும் பதிவுசெய்கிறேன்.

டெலிகிராம் குழுவில் ஒரு மாதம் இருந்து பார்த்தேன். எந்த விலையில் நுழைவது, எங்கே இலக்கு, எங்கே நட்டத்தோடு நிறுத்துவது என்று சமிக்ஞைகள் வருகின்றன. இலக்கைத் தொட்டவற்றின் படங்கள் பச்சை நிறத்தில் மறுபடி பகிரப்படுகின்றன. தொடாதவை கீழே நகர்ந்து போகின்றன. மாத இறுதியில் வென்றவை எத்தனை, தோற்றவை எத்தனை என்ற கணக்கு வெளியிடப்படவில்லை. கணக்கு வெளியிடாத சீட்டுக்காரரிடம் இந்த ஊரில் யாரும் சீட்டுப் போடமாட்டார்கள். 4,000 ரூபாயை மிச்சம் பிடிக்கலாம்.

வசதிகளைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. படிகள் செங்குத்தானவை, முழங்கால் நோவுள்ளவர்கள் யோசிக்க வேண்டும். ஒன்பது மணி என்றால் பத்துக்குத்தான் தொடங்குகிறது. மதிய உணவு இல்லை, தேநீரும் வடையும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் வகுப்பு வைப்பதில்லை. கிண்ணியா, மூதூர் பக்கமிருந்து வருபவர்களுக்காக மாலை ஐந்துக்கு முன்னரே முடித்துவிடுகிறார்கள்.

ஏற்கெனவே யூஎஸ்டிடி வாங்கத் தொடங்கிவிட்டவர்கள், வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து இவ்வழியில் கூலி பெறும் இளைஞர்கள், வீட்டில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று விளங்காத பெற்றோர் ஆகியோருக்கு முதல் இரண்டு நாட்களை நம்பிச் சிபாரிசு செய்வேன். நகையை அடகுவைத்துப் போடலாமா என்ற கேள்வியோடு வருபவர்கள் இந்த 15,000 ரூபாயையும் செலவழிக்க வேண்டாம். விளம்பரத்தில் மூன்று நாள் கட்டணம் மட்டுமே இருந்தாலும், இரண்டு நாட்களுக்கு மட்டும் 10,000 ரூபாய் செலுத்துவதாகச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். அறிமுகக் குறியீடு இல்லாமலும் கணக்குத் திறக்கலாம். அதை முதல் நாள் காலையிலேயே, பதிவு தொடங்குவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். விற்பனைப் பயிற்சிக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்று வகுப்பில் நாலு பேர் சேர்ந்து கேட்டால் கொடுப்பார் என்றே நினைக்கிறேன். பற்றுச்சீட்டு தாமாகத் தருவதில்லை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.